பின்கழுத்தில் இரண்டு துளைகள்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் விழுந்த தூறல் ஆறு மணிக்கு ஓய்ந்திருந்தது; மேகம் இன்னும் கலையவில்லை; காற்று அறவே இல்லை. குறிப்பேட்டில் இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் கால்நடை ஆய்வாளர் முயல் கொட்டிலின் பக்கம் திரும்பினார். எதை எழுதினாலும் தேதி, நேரம், வானிலை ஆகியவற்றை முதலில் எழுதுவது அவர் வழக்கம். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த வரிசை ஒரு முறைகூட மாறியதில்லை. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எஃகு அளவுகோல் ஒன்று எப்போதும் செருகியிருக்கும் என்பதால் ஊரில் அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. இருந்தும் அவருக்குத் தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

கொட்டில் ஒரு தையல்காரியுடையது. வீட்டின் முன்னறையில் தையல், பின்முற்றத்தில் முயல். முழங்கால் உயரச் செங்கல் சுவர், அதன் மேல் கம்பிவலை, தகரக் கூரை, மரக்கதவு, சிமெண்டுத் தரை. தரையைக் கழுவிய நீர் வெளியேறப் பின்சுவரின் அடியில் ஒரு வடிகால் துளை. சென்ற ஆண்டு ஆய்வாளரே வரைபடம் போட்டுக் கொடுத்துக் கட்டச் சொன்ன கொட்டில் அது.

உள்ளே ஐந்து முயல்கள் செத்துக் கிடந்தன. வெளியே முற்றத்தில் இரண்டு, பாதி வளர்ந்த குட்டிகள். அந்த இரண்டில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நின்ற நாயைத் தையல்காரி தன் கண்ணால் பார்த்திருந்தாள். அது மதிலுக்கு அப்பால் வசிக்கும் அவளுடைய கொழுந்தனின் நாய். அவன் பேருந்து ஓட்டுநன். நாயின் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல், வேலை செய்பவர்களை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

“அண்ணி, மேனேஜரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? உங்க கையால தின்னு வளர்ந்த நாய்” என்றான் ஓட்டுநன், மதிலின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு.

“என் கையால தின்னது போதலைன்னுதான் என் முயலையும் தின்ன வந்திருக்கு. வாயில வச்சிருந்ததைப் பார்த்தேன் தம்பி. பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்லவா?”

“தாழ்ப்பாள் போட்டிருந்ததா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“போட்டேன்னுதான் நினைக்கிறேன் சார்.”

“நினைக்கிறீங்களா, போட்டீங்களா?”

அவள் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “பதறிப்போய் ஓடி வந்து திறந்தேன். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேனா, சும்மா தள்ளினேனா… ஞாபகம் வரலையே சார்.”

ஆய்வாளர் எழுதினார்: ‘கதவின் தாழ்ப்பாள் சரிவரப் போடப்படவில்லை எனத் தெரிகிறது.’

பிறகு வெளியே கிடந்த குட்டியின் விலாவைப் பார்த்தார். ஈர ரோமத்தின் நடுவே கோரைப்பல் இறங்கிய இரண்டு துளைகள். அளவுகோலை வைத்தார். நாற்பத்தொரு மில்லிமீட்டர். மேனேஜரை அழைத்து வரச்செய்து ஓட்டுநனை அதன் வாயைத் திறக்கச் சொன்னார். பல் மருத்துவரிடம் வந்ததைப் போல அது சாதுவாக வாயைத் திறந்து காட்டிற்று. மேல் கோரைப்பற்களுக்கு இடையே நாற்பத்தொரு மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாத அந்தப் பொருத்தம் அவருக்கு அளித்த நிறைவைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். ஏனென்றால் இத்துறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் அவர்தான் பாடம் எடுப்பார். முதல் பாடம் இதுதான்: தோலை உரித்து உட்புறத்தைப் பார்க்காமல் எந்த விலங்கின் மீதும் பழி எழுதாதீர்கள். சிறிய பற்கள் இட்ட துளையை ரோமம் மூடிவிடும். உயிரோடிருக்கையில் கடி பட்ட இடத்தில் தோலுக்கு அடியே இரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு பட்ட கடி வெளுத்திருக்கும். கொன்றது எது, செத்ததைக் கவ்வியது எது என்று அப்போதுதான் தெரியும். அன்று அவருக்கு அவசரம் எதுவுமில்லை. உரிக்கும் கத்தி பையில்தான் இருந்தது. அவர் பையைத் திறக்கவில்லை. கொட்டிலின் பின்பக்கத்துக்கும் போகவில்லை. மதிலுக்கும் கொட்டிலுக்கும் இடையே உள்ள சந்து சேறாகக் கிடந்தது. அவர் காலணியை அப்போதுதான் துடைத்திருந்தார்.

மதியமே மேனேஜரை அலுவலக வளாகத்துக் கூண்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் புதன்கிழமை, கால்நடை மருத்துவர் ஆணையில் கையெழுத்திட்டார். வளர்ப்புப் பிராணிகளைக் கொன்று பழகிய நாய் என்பதால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஊசி போட்டு அதன் உயிரைப் போக்குவது என்பது ஆணை. அந்தப் பெண் மருத்துவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆய்வாளரின் அறிக்கையைப் புரட்டாமலே அவர் பேனாவைத் திறந்தார்.

“நீங்க எழுதினதை நான் வேற படிச்சுப் பார்க்கணுமா சார்?” என்று சிரித்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. தையல்காரி.

“சார், இன்னும் ரெண்டு போயிடுச்சு.”

“தாழ்ப்பாள்?”

“தாழ்ப்பாள் போட்டு, பூட்டுப் போட்டு, அதுக்கு மேல துணியால முடிச்சும் போட்டேன் சார். முடிச்சு போட்டது போட்டபடி இருக்கு.”

சன்னலுக்குக் கீழே, கூண்டுக்குள், மேனேஜர் வருகிறவர்களையும் போகிறவர்களையும் மேற்பார்வை செய்துகொண்டிருந்தது.

இந்த முறை அவர் போனதும் கத்தியை எடுத்தார். செத்த முயலின் தோலை முதுகு வழியாகக் கீறிப் பின்கழுத்து வரை உரித்தார். வெளியே ரோமத்தில் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே, மண்டையோட்டின் அடியில், குண்டூசிக் கொண்டையளவில் இரண்டு துளைகள்; சுற்றிலும் கருநீலமாக இரத்தம் கட்டியிருந்தது. இடைவெளி பதினொரு மில்லிமீட்டர். பூனைக்குக்கூட இதைப்போல இரு மடங்கு இருக்கும்.

அவர் கொட்டிலின் பின்னால், மதிலோரச் சந்துக்குள், பக்கவாட்டில் நுழைந்து குனிந்தார். வடிகால் துளை ஒன்பது சென்டிமீட்டர் அகலம், ஏழு சென்டிமீட்டர் உயரம். அதன் சிமெண்டு விளிம்பில் நாலைந்து மயிர்கள் ஒட்டியிருந்தன. சொரசொரப்பானவை, ஒவ்வொன்றிலும் பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி. கீரி.

குனிந்த நிலையிலேயே அவருக்குச் சென்ற ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. இதே இடம். தையல்காரி ஒரு துண்டுக் கம்பிவலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ‘இந்த ஓட்டைக்கும் வலை அடிச்சிடட்டுமா சார்?’ என்று கேட்டாள். ‘வேண்டாம்மா, புழுக்கையும் முடியும் வந்து அடைச்சுக்கும். தண்ணி தேங்கினா முயலுக்குக் கால்ல புண்ணு வரும்’ என்று அவர் சொன்னார். வலையைக் கழற்றிக் கழுவும்படி ஒரு சட்டத்தில் பொருத்தியிருந்தால் இரண்டு தொல்லையும் இருந்திருக்காது. அது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் வலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சந்தை விட்டு வெளியே வந்தபோது மதிலின் மேல் ஓட்டுநனின் முகம் இருந்தது.

“சார், ஒரு சந்தேகம். என் நாய் உங்க ஆபீஸ்லதானே இருக்கு? இல்ல, ராத்திரி லீவு போட்டுட்டு வந்துட்டுப் போச்சா?”

தையல்காரியும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் அளவுகோலைத் துடைத்துப் பையில் செருகினார். அடுத்து வந்த சொற்கள், அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஆனாலும் எழுவாய் பயனிலை பிசகாமல், நிதானமாக, அனுபவசாலியின் குரலில் வந்தன.

“அன்னைக்கு நடந்தது வேற. இது வேற. இது கீரி. அன்னைக்கு நாய்.”

“ஓஹோ. முறை போட்டுக்கிட்டு வருதுங்களா?”

“பல் அளவை நான் எடுத்தேன். நீங்களும் கூட இருந்தீங்க.”

ஓட்டுநன் மதிலிலிருந்து இறங்கிப் போனான். அவனுக்கு எட்டரை மணி வண்டி. தையல்காரி ஆய்வாளரைப் பார்த்தாள். பிறகு அந்த வடிகால் பக்கமாகப் பார்த்தாள். பிறகு அளவுநாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

அன்று மாலை அவரே ஏற்பாடுகளைச் செய்தார். மிஞ்சிய முயல்களை முன்னறைக்கு மாற்றச் சொன்னார். செத்த முயல் ஒன்றைக் கொட்டிலுக்குள் கிடத்தினார். வடிகால் வாயில் ஒரு தகரத்தை வைத்து, அதன் மேல் சலித்த சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகத் தூவினார். வெள்ளி காலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வெண்மையின் மேல் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன: ஐந்து விரல்கள், ஐந்து நகங்கள். நாய்த் தடத்தில் பதிவது நான்கு விரல்கள்தான். தகரத்தைக் கோணம் மாற்றி மாற்றி மூன்று படங்கள் எடுத்துக்கொண்டார்.

முன்னறையில் தையல் இயந்திரத்தின் அடியில் முயல்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தன.

“ராத்திரி ஒரு பள்ளிக்கூடச் சட்டையோட பாக்கெட்டை முழுசாத் தின்னுடுச்சுங்க சார். அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட, பாக்கெட் இல்லாததுதான் இப்போ புது மாடல்னு சொல்லணும்” என்றாள் தையல்காரி. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “சார், ஒண்ணு கேட்கவா? செவ்வாய்க்கிழமை நான் தாழ்ப்பாள் போடாததாலதானே நாய் உள்ள வந்தது?”

ஆய்வாளர் விரல்களில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்தார்.

“மூணு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். கையை வச்சுப் பிழைக்கிறவ நான். என் கை செஞ்சது என் கைக்கே தெரியாமப் போகுமா? அந்த நாய் சாகப் போகுது. தம்பி என்கிட்டப் பேசறதே இல்லை. எல்லாம் ஒரு தாழ்ப்பாளால.”

அவர் “பார்க்கலாம்மா” என்றார். அதைவிட மேலான ஒரு சொல் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிட மோசமான சொல்லும் இருந்திருக்க முடியாது.

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார். ‘மார்ச் பதின்மூன்றாம் தேதி நிகழ்வுக்குக் காரணம் கீரி என உறுதி செய்யப்பட்டது. இது பதினொன்றாம் தேதி நிகழ்வோடு தொடர்பற்றது.’ படித்துப் பார்த்தார். ஒற்றுப்பிழை இல்லை, தெளிவின்மை இல்லை. அந்த வாக்கியத்தைக் குற்றம் சொல்ல எந்தத் தேர்வாளராலும் முடியாது. அதன்படி ஐந்து மணிக்கு நாய் சாகும். முதல் அறிக்கை முதல் அறிக்கையாகவே இருக்கும். வடிகாலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

சன்னலுக்கு வெளியே அலுவலக உதவியாளர் கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். “சாப்பிடுங்க மேனேஜர். இன்னைக்கு உங்களுக்குக் கடைசி ட்யூட்டி” என்று சொல்லிவிட்டுத் தானே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆய்வாளர் எழுந்து பின்னறைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை செத்தவற்றில் மூன்றைச் சான்றுக்காக உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் காலிலும் அவருடைய கையெழுத்தில் அட்டை. கல்லாக இறுகிப்போயிருந்தவற்றை வெதுவெதுப்பான நீரில் போட்டு, பதினொரு மணி வரை பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இராது, கழுத்தில் ஒன்றும் இராது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றும் இருக்கக்கூடாது என்று தாம் விரும்புவதை அவர் கவனித்தார். ஒரு நாயின் சாவை விரும்பிக்கொண்டு, கையில் கத்தியோடு, ஐம்பத்து மூன்று வயதில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை அவருக்கு யார் என்றே தெரியவில்லை.

முதல் முயலை உரித்தார். நாற்பத்தொரு மில்லிமீட்டர் இடைவெளியில் விலாவில் இருந்த துளைகளின் உட்புறம் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு துளி இரத்தமும் கட்டவில்லை. செத்த பிறகு கவ்வியது. பின்கழுத்தில் இரண்டு சிறு துளைகள், சுற்றிலும் கருநீலம். பதினொரு மில்லிமீட்டர். இரண்டாவதில் விலாக்காயம் இல்லை. பின்கழுத்தில் அதே பதினொன்று. மூன்றாவதிலும் அதேதான். குட்டிகளைக் கீரி வடிகால் வழியாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. மேனேஜர் மதில் தாண்டி வந்து, கிடந்ததை எடுத்திருக்கிறது. தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்திருக்கும்.

அவர் எழுதிய தாளைக் கிழித்தார். புதிதாக ஒன்றை எழுதி, மருத்துவரின் அறைக்கு எடுத்துப்போய் மேசை மேல் வைத்தார்.

“இதை மட்டும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மேடம்.”

மருத்துவர் படித்தார். இரண்டாம் பத்திக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், இவ்வளவு எதுக்கு? ‘பின்னர் கிடைத்த தகவல்களின் அடிப்படையில்’னு ஒரு வரி போதுமே. நாயும் பிழைச்சுக்கும், உங்க பேரும் கெடாது.”

“பின்னர் எதுவும் கிடைக்கலை மேடம். அன்னைக்கே எல்லாம் என் முன்னால கிடந்தது. நான் பார்க்கலை.”

“வடிகாலையும் எழுதியிருக்கீங்க. ‘வலை தேவையில்லை என்று அறிவுரை கூறியவர் ஆய்வாளரே.’ இது கோப்புல போனா நான் உங்ககிட்ட விளக்கம் கேட்டாகணும். மேல இருந்தும் கேட்பாங்க.”

“கேட்கட்டும்.”

“பத்தொன்பது வருஷம் சார்.”

“அதனாலதான் நீங்க போன தடவை படிக்கலை.”

மருத்துவரின் முகம் சிவந்தது. அவரையும் சேர்த்து வெட்கப்பட வைத்துவிட்டோம் என்று ஆய்வாளருக்குப் புரிந்தது. அது நோக்கமல்ல, ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவர் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். அசல், நகல் என இரண்டிலும் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அதுவரை ஆய்வாளர் நின்றுகொண்டே இருந்தார்.

மாலை நான்கு மணிக்கு ஓட்டுநனும் தையல்காரியும் வந்தார்கள். ஒன்றாகத்தான் வந்தார்கள், ஆனால் வெளித்தாழ்வார விசிப்பலகையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் ஒரு பாத்திரம். நாய்க்குக் கடைசியாக ஏதோ கொண்டுவந்திருந்தாள்.

ஆய்வாளர் தாளோடு வெளியே வந்ததும் ஓட்டுநன் எழுந்தான். “கையெழுத்துதானே சார்? குடுங்க, எங்கே போடணும்? சீக்கிரம் முடிச்சுடுங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துக்கிறேன்.”

“நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். இது உங்களுக்கு. வாங்கிக்க வேண்டியது.”

“என்னன்னு போட்டிருக்கு? கண்ணாடி வண்டியில இருக்கு. நீங்களே படிங்க.”

தாழ்வாரத்தில் உதவியாளர் நின்றார். கோழிக்கு மருந்து வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். சன்னல் வழியே மருத்துவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் தேதியிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டாம் தேதி ஆணை நீக்கப்படுகிறது. முயல்களைக் கொன்றது கீரி. நாய் கவ்வியது இறந்த முயலை. ஆய்வாளர் விதிப்படி தோலை உரித்துப் பார்க்கத் தவறினார். பதின்மூன்றாம் தேதி, இரு நிகழ்வுகளும் தொடர்பற்றவை என ஆய்வாளர் கூறியது ஆதாரமற்றது. தாழ்ப்பாள் பற்றிய குறிப்பு தவறானது. கொட்டிலின் உரிமையாளரிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை. கீரி நுழைந்தது வடிகால் வழியாக. அதற்கு வலை தேவையில்லை என்று உரிமையாளருக்கு அறிவுரை கூறியவர் ஆய்வாளரே. துளைக்குக் கழற்றி மாட்டும் வலைச்சட்டம் பொருத்துவதும், கொட்டிலைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதைத்து வெளிப்பக்கம் மடித்துவிடுவதும் ஆய்வாளரின் பொறுப்பு. நாய் உடனே உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும்.

எங்கும் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் இரண்டாம் முறை படிக்கச் சொல்வார்களோ என்ற அச்சமும் இருந்தது.

தையல்காரி பாத்திரத்தைப் பலகையில் வைத்தாள். “தாழ்ப்பாள் போட்டிருந்தேனா?”

“போட்டிருந்தீங்கம்மா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்த வலை விஷயம் எனக்கு வியாழக்கிழமையே ஞாபகம் வந்துச்சு சார். நீங்க சந்துல குனிஞ்சு நின்னப்பவே. இவ்வளவு படிச்ச மனுஷன், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று மதிலோரத்தில் அவர் நிதானமாகப் பொய் சொன்னபோதும், முன்னறையில் ‘பார்க்கலாம்மா’ என்றபோதும், அவருடைய மானத்தைக் காப்பதற்காக ஒரு நாயையும் தன் தூக்கத்தையும் அவள் விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறாள். விளக்கம் கேட்டு மருத்துவர் எழுதும் கடிதம் இனிமேல்தான் வரும். அதில் இதற்கு இணையான ஒரு வரி இருக்க முடியாது என்று அவர் நினைத்தார்.

“ஏன் அண்ணி, அவர் முகம் கோணக்கூடாதுன்னு என் நாயைச் சாகக் குடுக்கப் பார்த்தீங்களா?” என்றான் ஓட்டுநன். மூன்று நாளுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“குடுத்திருக்கமாட்டேன். ஊசியை எடுத்தா வாயைத் திறந்திருப்பேன்.”

“நல்லா திறந்தீங்க.”

பிறகு அவன் ஆய்வாளரை மேலும் கீழும் பார்த்தான். மன்னித்த பார்வை அல்ல. மன்னிக்க வேண்டும் என்று ஆய்வாளரும் எதிர்பார்க்கவில்லை. தாளை நீட்டியபடி நின்றார். நீட்டிய கை வலிக்கத் தொடங்கும் வரை அவன் அதை வாங்கவில்லை. கடைசியில் வலக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கையெழுத்து இருந்த இடத்தில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டான்.